ஒரே நாளில் நாலு புதன்கிழமை

திண்டிவனத்தில் ஆரோக்கியராஜ் குடியிருந்த தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோரும் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். ஆனால் அவருக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, வகுப்பு கிடையாது. பள்ளிக்கு வர முடியாத மாற்றுத்திறன் குழந்தைகளின் வீடு தேடிப் போய்ச் சொல்லிக்கொடுக்கும் சிறப்பாசிரியர் அவர். அனந்தபுரம், பனமலை, மண்டகப்பட்டு என்று அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பதினான்கு பிள்ளைகள் அவர் பொறுப்பில் இருந்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். பதினேழு வருஷமாக ஒப்பந்த வேலை. சம்பளத்துக்குத் தொகுப்பூதியம் என்று பெயர். பெட்ரோல் போட்டது போக மிச்சமிருப்பதை அவர் மனைவி ரோஜா ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவாள்.

ரோஜாவின் தம்பி வீடு கட்டி, பாதிரியாரை அழைத்துப் புதுவீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கச் செய்தான். சாப்பாட்டுப் பந்தியில் ஆரோக்கியராஜுக்குப் பக்கத்தில் அந்த வீட்டுக்கு டைல்ஸ் போட்ட சின்னதுரை உட்கார்ந்திருந்தான்.

"வாத்தியாரே, கவர்மெண்டு சம்பளம். இந்நேரத்துக்கு எழுபது எம்பது வரும் இல்ல?" என்றான் வெள்ளந்தியாக.

"அந்த மாதிரி வருது," என்றார் ஆரோக்கியராஜ்.

சின்னதுரை அதில் பாதிக்கும் மேல் சம்பாதிக்கிறவன். ஆரோக்கியராஜின் சம்பளமோ அந்த எழுபது எண்பதில் கால்பங்குக்குக் கொஞ்சம் கூட. சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த ரோஜாவின் கை ஒரு நொடி நின்றது. வீடு திரும்பும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்த அவள் வழக்கம்போல அவர் தோளைப் பிடிக்கவில்லை, சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதுதான் அவரைத் தைத்தது.

அந்த வருஷம் மகளுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்தது. கடனுக்குப் போன வங்கியில், ஒப்பந்த ஊழியர் என்ற வார்த்தையைப் பார்த்ததும் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் மனை போட்டு விற்கிற கோகுலகிருஷ்ணன் அவரைத் தேடி வந்தான். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளைந்த நிலத்தில் வளைவு கட்டி, கலர் கொடி நட்டு, கல் ஊன்றி வைத்திருந்தான்.

"சார், நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். மனை பாக்க வர்ற பார்ட்டிங்க கூட வந்து நின்னா போதும். எங்கள மாதிரி ஆளுங்க சொன்னா எவன் நம்பறான்? வாத்தியாரு சொன்னா நம்புவான்."

"எனக்கு வாரம் பூரா வேலை ஆச்சே?"

"புதன்கிழம ஒரு நாள் மட்டும் வாங்க சார். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காதுன்னு, மனை பாக்க அன்னிக்கிதான் ஜனம் வருது."

புதன்கிழமை என்றால் சங்கவி. பனமலை ஏரிக்கரையை ஒட்டிய தெருவில், ஒற்றை அறை வீட்டில் இருந்த பன்னிரண்டு வயதுப் பெண். பிறந்தபோதே மூளை முடக்குவாதம். கை கால் தன் சொல் கேட்காது, பேச்சு வராது. ஆனால் சொல்வதெல்லாம் புரியும். ஊரார் பொம்மை என்று ஒதுக்கியிருந்த பிள்ளைக்குள் ஆள் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் ஆரோக்கியராஜ்தான். ஆமாம் என்றால் கண்ணை மேலே தூக்கு, இல்லை என்றால் கண்ணை இறுக்கி மூடு என்று எட்டு மாதம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். முதல்முதலாக, "தண்ணி வேணுமா?" என்று அம்மா கேட்டதற்கு அவள் கண்ணை இறுக்கி மூடி 'வேண்டாம்' என்று சொன்ன நாளில், அம்மா செண்பகம் உலைக்கு வைத்த அரிசியை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி எல்லோரையும் கூட்டிவந்து காட்டினாள். இரண்டு வருஷத்தில் சங்கவி கூட்டல் கழித்தல் போட்டாள். அவர் விடைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவார், சரியான விடைக்கு அவள் கண் மேலே போகும். அவர் வாரா வாரம் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுத்து, முட்டியை நேராகப் பிடிக்கும் இரும்புச் சட்டமான காலிப்பரை மாட்டி, ஜன்னல் கம்பியைப் பிடிக்க வைத்தால் நூறு எண்ணும்வரை நிற்கவும் செய்தாள்.

ஒரு புதன் போகட்டும், வியாழன் சாயங்காலம் பனமலைக்குப் போய்விடலாம் என்று ஆரோக்கியராஜ் நினைத்தார். முதல் வாரம் போனார். அடுத்த வாரம் வியாழக்கிழமை மழை. அதற்கடுத்த வாரம் மழையும் இல்லை, காரணமும் இல்லை. கோகுலகிருஷ்ணன் கொடுத்த கமிஷன் கையில் இருந்தது. மகளின் ஹாஸ்டலுக்குக் கட்டினார். மற்ற பதின்மூன்று பிள்ளைகளை அவர் விடவில்லை. அதையே தனக்குச் சமாதானமாகச் சொல்லிக்கொண்டார்.

ஆனால் கணக்குக் காட்ட வேண்டும். ஒவ்வொரு வருகைக்கும் பதிவேட்டில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். பிள்ளையோடு எடுத்த போட்டோவையும் சேர்க்க வேண்டும். அப்படி நான்கு வாரம் விட்டுப்போனபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை பனமலைக்குப் போனார். செண்பகம் மல்லாட்டை பிடுங்கப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கையெல்லாம் மண். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க சார், ஒடம்பு கிடம்பு செரியில்லையோன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

அவர் பதிவேட்டை நீட்டினார். நான்கு தேதிகள் எழுதியிருந்தன. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த செண்பகம் தேதிகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நான்கு இடத்திலும் கையெழுத்துப் போட்டாள்.

"போட்டோ?" என்றாள்.

"அதான்... ஒரே டிரஸ்ல இருந்தா..." என்று இழுத்தார்.

செண்பகத்துக்குப் புரிந்தது. அலமாரியைத் திறந்து நான்கு உடுப்பு எடுத்தாள். முதலில் பொங்கலுக்கு எடுத்த மஞ்சள் பாவாடை சட்டை. சங்கவி வாயெல்லாம் சிரிப்பாகப் படத்துக்கு முகம் காட்டினாள். சார் வந்திருக்கிறார், புதுச்சட்டை போடுகிறார்கள், ஏதோ விசேஷம் என்று நினைத்திருப்பாள். இரண்டாவது உடுப்பு மாற்றும்போது சிரிப்பு குறைந்தது. அவள் கை மடங்கியே இருக்கும், சட்டைக் கைக்குள் நுழைக்க வேண்டுமென்றால் மெல்ல நீவி நீவி நீட்ட வேண்டும். மூன்றாவது சட்டைக்கு செண்பகம் அவசரப்பட்டாள். சங்கவி முனகினாள். நான்காவதை எடுத்தபோது அவள் கண்ணை இறுக்கி மூடினாள். திறந்து ஆரோக்கியராஜைப் பார்த்து, மறுபடியும் மூடினாள்.

இல்லை என்கிறாள். அவர் சொல்லிக்கொடுத்த வார்த்தை.

"கடைசி, கடைசி," என்று சொல்லி அவர் போனைத் தூக்கினார்.

ஐந்து மாதம் அப்படிப் போயிற்று. ஐந்து ஞாயிற்றுக்கிழமை, இருபது புதன்கிழமை.

அந்த ஐந்து மாதத்துக்குள்தான் சிறப்பாசிரியர்கள் சங்கம் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த சம்பள உயர்வு நகரத் தொடங்கியது. அரசு தனியாக நிதி ஒதுக்க யோசிக்கிறது, அதற்கு முன்னால் இவர்கள் செய்யும் வேலையை நேரில் பார்க்க ஒரு குழு வருகிறது என்று செய்தி வந்தது. வட்டார வள மையத்தில் ஒருங்கிணைப்பாளராக இருந்த பிரபாவதி எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னாள்.

"நம்ம வட்டாரத்துல ஒரு வூடு பாக்கறாங்க. ரெக்கார்டு சுத்தமா இருக்கறது ஆரோக்கியராஜ் சாரோட சங்கவி கேஸ். ஒரு வாரம் கூட விடல. அங்கயே கூட்டிக்கினு போறேன்."

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கை தட்டினார். ஆரோக்கியராஜுக்கு உட்கார்ந்த நாற்காலி அப்படியே பூமிக்குள் இறங்கினால் தேவலை போல இருந்தது.

குழு வருவதற்கு முதல்நாள் பனமலைக்குப் போனார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனார். வாசலில் வண்டியை நிறுத்தியதுமே செண்பகமே ஆரம்பித்தாள்.

"மேடம் போன் பண்ணிச்சி சார். நாளைக்கி வர்றாங்களாம். நீங்க பயப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். திரும்பும்போதுதான் கவனித்தார், காலிப்பர் மூலையில் கிடந்தது. அதன் மேல் தூசி.

"போட்டா அழுவறா சார். முட்டி நீள மாட்டேங்குது," என்றாள் செண்பகம், குற்றம் சொல்கிற குரலில் அல்ல, தகவல் சொல்கிற குரலில்.

மறுநாள் குழுவில் வந்த அதிகாரி அம்மா நல்ல மாதிரி. நாற்காலி வேண்டாம் என்று பாயிலேயே சங்கவிக்கு எதிரில் உட்கார்ந்தார். பதிவேட்டைப் புரட்டினார். போட்டோக்களைப் பார்த்தார். செண்பகத்திடம், சார் ஒழுங்காக வருவாரா என்று கேட்டார்.

"வாரா வாரம் வருவாருங்க. மழன்னாலும் வருவாருங்க," என்றாள் செண்பகம். பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தது ஆரோக்கியராஜுக்குத் தெரிந்தது.

அத்தோடு முடிந்துவிடும் என்று அவர் நினைத்தார். ஆனால் அதிகாரி பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, "இந்தப் பொண்ணு கண்ணாலயே பதில் சொல்லும்னு எழுதியிருக்கீங்களே, நான் கேட்டா சொல்லுமா?" என்றார்.

"சொல்லுவா மேடம்," என்றாள் பிரபாவதி.

அதிகாரி குனிந்து சங்கவியின் முகத்தருகே வந்தார். "சங்கவி, சார் வாரா வாரம் வந்து உனக்குப் பாடம் சொல்லித்தர்றாரா?"

சங்கவியின் தலை மெல்ல ஆடி ஆடித் திரும்பி, சுவரோரம் நின்ற ஆரோக்கியராஜின் முகத்தில் வந்து நின்றது. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கணக்கில் தப்பான விடையைச் சொல்லி அவர் விளையாட்டுக்கு ஏமாற்றிப் பார்த்தபோதும் ஒருநாளும் ஆமாம் சொன்னவள் இல்லை. இப்போது கண்ணை மூடப்போகிறாள் என்று அவர் காத்திருந்தார். மூடிவிட்டால் நல்லது என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

சங்கவி கண்ணை மேலே தூக்கினாள். ஆமாம்.

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எதையோ எழுதினார். கிளம்பும்போது ஆரோக்கியராஜிடம், "உங்களுக்கெல்லாம் இவ்வளவு காலம் இந்தச் சம்பளம் குடுத்ததுக்கு நாங்கதான் வெக்கப்படணும்," என்றார்.

அந்த மாதக் கடைசியிலேயே உத்தரவு வந்தது. நிதி ஒதுக்கப்பட்டது, சம்பளம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கானது. விழுப்புரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் சங்கத்தார் கூடினார்கள். எல்லோர் வாயிலும் ஜிலேபி. பதினெட்டு வருஷம் வேலை பார்த்து, இந்த உத்தரவு வருமா என்று கேட்டுக்கொண்டே இருந்து, வருவதற்கு ஒரு மாதம் முன்பு இறந்துபோன ஒரு டீச்சரின் பெயரைச் சொல்லி இரண்டு பெண்கள் அழுதார்கள். தலைவர் மைக்கைப் பிடித்து, பனமலையில் பேச முடியாத ஒரு பிள்ளை கண்ணாலேயே சாட்சி சொன்ன கதையைச் சொன்னார். அந்த அதிகாரியின் அறிக்கையில் அது இருந்ததாம். ஆரோக்கியராஜை மேடைக்கு இழுத்து சால்வை போர்த்தினார்கள். கைதட்டல் நிற்கவே இல்லை. அவர் கும்பிட்ட கையை முகத்துக்கு நேரே தூக்கி அப்படியே வைத்திருந்தார். பார்த்தவர்கள் நெகிழ்ந்துபோய்விட்டார் என்று நினைத்தார்கள். அவர் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் பிரபாவதியைத் தனியாகப் பிடித்தார். மண்டபத்துக்குப் பின்னால், கை கழுவும் இடத்தில்.

"மேடம், நான் ஒரு லெட்டர் குடுக்கணும். சங்கவி ரெக்கார்டு பொய். அஞ்சு மாசம் நான் போவல."

பிரபாவதி குழாயை மூடினாள்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? நாலு போட்டோலயும் அவ தலையில ஒரே கனகாம்பரம் சார். ஒரு பூ கூட இடம் மாறல."

"தெரிஞ்சுமா அந்த வூட்டுக்கு கூட்டிக்கினு போனீங்க?"

"வேற யாரு ரெக்கார்டு முழுசா இருக்குது? நெஜமா வேலை பாக்கறவன் புக்குல நாலு நாள் லீவு இருக்கும், ரெண்டு கையெழுத்து விட்டுப்போயிருக்கும். பொய்யிதான் சார் சுத்தமா இருக்கும்." அவள் குரல் தணிந்தது. "நானும் இதே ஒப்பந்த சம்பளக்காரிதான், என் வயித்துக்காகவும்தான் பண்ணேன். இப்ப லெட்டர் குடுத்தா உங்க ஒருத்தரோட போவாது. உள்ள ஜிலேபி சாப்புட்டுக்கினு இருக்காங்களே, அத்தினி பேரு தலையிலயும் விழும். நெஜமா வெயில்ல அலைஞ்சவங்க அவங்க. அந்த லெட்டர எழுதி உங்க மனச கழுவிக்க பாக்காதீங்க. போயி அந்தப் பொண்ணு கால பாருங்க."

ஆரோக்கியராஜ் அன்று கடிதம் எழுதவில்லை. பின்னாலும் எழுதவில்லை. எழுதாதது அந்த டீச்சர்களுக்காகவா, தன் வேலைக்காகவா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை.

வீட்டில் ரோஜாவிடம் சொன்னார். அவள் சால்வையை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. "அந்தக் காசுலதான நம்ம பொண்ணு ஹாஸ்டல்ல சாப்புட்டுச்சி," என்றாள். சால்வையைக் கொண்டுபோய் பீரோவில், கண்ணில் படாத அடித்தட்டில் வைத்தாள்.

கோகுலகிருஷ்ணனிடம் இனி வர முடியாது என்று போனில் சொல்லிவிட்டு அடுத்த புதன்கிழமை பனமலைக்குப் போனார். செண்பகத்தின் முன்னால் உட்கார்ந்து, மூடி மறைக்காமல், மனை விற்கப் போனதைச் சொன்னார். அவள் சுளகில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும் சார். எங்க சின்ன மாமனாரு அந்தப் பக்கம் மனை பாக்கப் போயி உங்கள பாத்துட்டுதான் வந்து சொன்னாரு."

"அப்பறம் ஏன்மா எனக்காவ பேசுன?"

அவள் சுளகைக் கீழே வைத்தாள். இத்தனை நாள் வராத கோபம் அப்போதுதான் வந்தது. "வேற இன்னா சார் பண்ணுவேன்? உங்கள காட்டிக் குடுத்தா அவுங்க உங்கள நிறுத்துவாங்க. இன்னொரு வாத்தியார இந்த ஏரிக்கரைக்கு அனுப்பிச்சுடுவாங்களா? மாசத்துக்கு ஒரு நா வர்றவரும் போயிட்டா எம்பொண்ணுக்கு யாரு இருக்கா? பொதங்கிழம எப்பிடித்தான் தெரியுமோ, காலையிலருந்து வாசலயே பாத்துக்கினு இருப்பா சார். வண்டி சத்தம் கேட்டா கத்துவா. அது பால்காரன் வண்டியா இருக்கும்."

ஆரோக்கியராஜ் தரையில் சிதறிய கேப்பையைப் பொறுக்கிச் சுளகில் போட்டுவிட்டுக் கேட்டார்.

"சங்கவியவும் நீதான் ஆமான்னு சொல்லச் சொன்னியா?"

"நான் சொல்லல சார். சத்தியமா. அவள கேப்பாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

அவர் சங்கவியின் பக்கம் திரும்பினார். "ஏம்மா அப்பிடி சொன்ன?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் உறைத்தது. ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அவர் அவளுக்கு வழி கற்றுக்கொடுக்கவே இல்லை. ஆமாமும் இல்லையும்தான் அவளிடம் இருந்தன. அதனால் அவர் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருந்தது.

"என்னப் பாத்து பயந்துட்டியா?"

கண் மூடியது. இல்லை.

"அம்மாவுக்காவ சொன்னியா?"

இல்லை.

அவர் அவளுக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். "நான் அப்பறம் வரவே மாட்டேன்னு நெனச்சியா?"

சங்கவியின் கண் மேலே போனது. போனது இறங்கவில்லை, அப்படியே நின்றது. செண்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆரோக்கியராஜ் அந்தக் கண்ணைப் பார்க்க மாட்டாமல் அவள் காலைத் தொட்டார். முட்டி மரக்கட்டை போல இறுகி, மடங்கியே இருந்தது. நீட்டப் பார்த்ததும் அவள் உதட்டைக் கடித்தாள். கையை எடுத்துவிட்டார்.

அந்த வாரமே ஒரு ஆட்டோ பேசி, சங்கவியையும் செண்பகத்தையும் ஏற்றிக்கொண்டு விழுப்புரத்துக்குப் போனார். பெரிய ஆஸ்பத்திரியில் எலும்புப் பிரிவு வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். டாக்டர் இளவயதுக்காரர். முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார், கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார், பழைய சீட்டுகளைப் புரட்டினார்.

"போன வருஷம் நின்னுட்டு இருந்த பொண்ணு. தசை இறுகிப் போச்சு. ஆபரேஷன் பண்ணாலும் வலது கால் முழுசா நேராகும்னு சொல்ல முடியாது. எக்ஸர்சைஸ் எப்ப நிறுத்தினீங்க?"

செண்பகம் எழுந்து நின்றாள். "நாந்தான் சார், மல்லாட்ட வேலைக்கிப் போயி... கவனிக்க முடியாம..."

"இல்ல டாக்டர்," என்றார் ஆரோக்கியராஜ். அறையில் இரண்டு நர்சுகளும், அடுத்த முறைக்காக உள்ளே வந்து நின்ற ஒரு குடும்பமும் இருந்தார்கள். "அவுங்க மேல தப்பில்ல. நான் இவளோட டீச்சர். வாரா வாரம் நான்தான் போயி செய்ய வெக்கணும். அஞ்சு மாசம் போவல. போனதா எழுதிட்டு, போவல."

டாக்டர் நிமிர்ந்து அவரை ஒரு தரம் பார்த்தார். ஏதாவது சொல்வார், திட்டுவார் என்று ஆரோக்கியராஜ் நின்றார். டாக்டர் சீட்டில் 'ஐந்து மாதம்' என்று மட்டும் எழுதினார்.

"பதினாலாம் தேதி அட்மிட் பண்ணுங்க. ரத்த டெஸ்ட் கீழ," என்று சீட்டை நீட்டிவிட்டு அடுத்தவர்களைக் கூப்பிட்டார்.

நர்சு சக்கர நாற்காலி தேடிப் போனாள். அது வர நேரமாகும் போல இருந்தது. ஆரோக்கியராஜ் குனிந்து சங்கவியைத் தூக்கிக்கொண்டார். ஐந்து மாதத்தில் அவள் கனத்திருந்தாள். படி இறங்கும்போது மடங்கிய அவள் கால் அவர் விலாவில் இடித்துக்கொண்டே வந்தது. பின்னால் செண்பகம் சீட்டைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா சார், மெதுவா," என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.